அந்த அரங்கில் முதலில் பாடியவன்

நண்பா,

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. நீ சிரித்துக்கொள்.

1. ஆப்பரா அரங்கு என்றால் என்னவென்று உனக்கு நான் சொன்னது.
2. அங்கே முதலில் பாடியது யார்.
3. இன்று நான் செய்த காரியம்.

இன்று மகள் என்னை, வளைகுடாவில் நாம் வேலை பார்த்துக் கட்டிய அந்த அரங்கைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனாள். கதவு திறந்ததும் அதே தேக்கு வார்னிஷ் வாசனை. சிவப்பு இருக்கைகளுக்கு நடுவே நின்று, நீ சாரம் கட்டிய இடத்தைத் தேடினேன்.

கட்டட வேலை நடந்துகொண்டிருந்த அன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை. டைம் கீப்பரான நான் வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தேன். பெயின்டர்கள் தரையில் விரித்திருந்த துணியை இரண்டு பேர் திரையாகத் தூக்கிப் பிடித்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் கூத்தாடிய நீ, அதன் பின்னால் நின்று ராஜா வருகிற பாட்டை எடுத்தாய். முகம் தெரியுமுன்பே குரல் மேல்மாடம் வரை போய்த் திரும்பியது. ஹெல்மெட்தான் கிரீடம்.

"இன்னா சாரு, இதானே உங்க ஆப்பரா?"

"இல்லப்பா. அது இத்தாலியில பொறந்த இசை நாடகம். பேச்சே பாட்டா இருக்கும். அது அரங்கேறுற எடத்துக்குத்தான் அந்தப் பேரு. இப்ப இது வெறும் சைட்."

"நாங்களும் பாட்டுலதான் சண்டை போடறோம், பாட்டுலதான் சாவறோம். உங்களுக்குக் கோட்டு போட்டவன் பாடணும், அவ்ளோதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் ஓடி வந்தார். "கோன் காயா? கலாஸ்! யல்லா!" போதும், கிளம்புங்கள் என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, பாடியது யாரென்று என்னிடம் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். நீயோ, "பாக்கலன்னுட்டீங்களே சாரு, அப்ப நான் பாடவேயில்லையா?" என்றாய்.

பிறகு ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலைக்குப் போனாய். இந்த அரங்கில் விளக்கு எரிந்து நீ பார்த்ததேயில்லை. போன மாதம் உன் மகன் போனில் சொன்னான், நீ இறந்துவிட்டாய் என்று.

இன்று சுற்றிக் காட்டிய பெண், திறப்பு விழாவில் பாடிய ஸ்பானியப் பாடகரின் குரலே இங்கே ஒலித்த முதல் குரல் என்றாள். நான் கையைத் தூக்கினேன்.

"இல்லை. முதலில் பாடியவர் சாரம் கட்டியவர். நான் பார்த்தேன்."

"அப்பா, ப்ளீஸ்ப்பா, விடுங்க," என்று மகள் சட்டையை இழுத்தாள்.

"ஒத்திகையா, சார்?" என்றாள் அந்தப் பெண்.

"ஒத்திகை இல்லை. திரை பிடித்து, கதை சொல்லிப் பாடினார்."

உன் பெயரையும் ஊரையும் இரண்டு முறை சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் முறையும் சொன்னேன், சத்தமாக. இனி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், பார்த்தேன் என்றே சொல்வேன்.

ஒரு திருத்தம். வரிசையில் முதலாவதாகக் குறித்தேனே, அதில் நான் சொன்னது தவறு. அன்று மதியம் அது வெறும் சைட் இல்லை.