டாக்டரிடம் நானே சொல்கிறேன்

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துச் சாப்பிடு. பிளம்பர் வந்தால் மாடிச் சாவி ஜன்னல் ஓரம் இருக்கிறது.

டாக்டரைப் பார்க்க உனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். பைபோலார் எனக்கு. ஒரேயடியாகத் துள்ளுவதும் துவண்டு கிடப்பதும் நான். ஆனால் அவர் கேட்பதற்கெல்லாம் "நல்லா தூங்குறா, ஒழுங்கா சாப்பிடுறா" என்று பதில் சொல்வது நீ. மாத்திரையால் கை நடுங்குகிறது, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க முடியவில்லை என்று போன தடவை வாயைத் திறந்தேன். "மாத்திரைய மட்டும் கொறச்சிடாதீங்க டாக்டர்" என்று நீ முந்திக்கொண்டாய். தைக்கக் கொடுத்தவர்களுக்கு உன்னாலா பதில் சொல்ல முடியும்?

மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. அளவைப் பற்றி நானே பேச வேண்டும். நீ வந்ததும் வெளியே உட்கார், கூப்பிடுகிறேன். போன வருடம் நான் தலைகால் புரியாமல் ஆடியபோது முதலில் கவனித்தவன் நீதான். எனக்குத் தெரியவே இல்லை. அதை டாக்டரிடம் சொல். என் எதிரிலேயே சொல்.

மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள்.

பி.கு.: நேற்று நான் விழுந்து விழுந்து சிரித்ததும் உன் பார்வை என் மாத்திரை டப்பாவுக்குப் போனது. பார்த்தேன். உன் மேனேஜர் தும்முவதை நீ நடித்துக் காட்டினாய் அல்லவா? நன்றாக நடித்தாய். அவ்வளவுதான்.