வலது தொடையில் ஒரு வெளிச்சம்

மார்ச் 4, திங்கள்
காலையில் காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ். மாத்திரை போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். மூன்று மாதமாக இப்படித்தான், வருவதும் போவதுமாக. இரண்டு வருடத்துக்கு முன் விபத்தில் ஒடிந்த வலது தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்த இடம் தொட்டால் சுடுகிறது. வீட்டுக்காரர் சுகுமாறனிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 7
குளியலறை வாசலில் கால் மடங்கி விழுந்தேன். அவர் பார்த்துவிட்டார். எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று.
"காலு போனப்புறம் சொல்லலாம்னு இருந்தியா?"
தான் ஓட்டும் லோரியின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அது கோபம் இல்லை.

மார்ச் 13
எலும்பு டாக்டர் நடராஜாவைப் பார்த்தோம். எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லையாம். கம்பியைச் சுற்றிக் கிருமி இருக்கலாம்; எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எலும்பு முழுக்கப் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
"மொதல்ல படம் எடுப்போம்மா."
கோலாலம்பூரில் எடுக்கிறார்கள். கதிரியக்க மருந்து ஏற்றுவார்களாம்.

மார்ச் 14
கதிரியக்கம். ஒன்றைத் தேடப் போய் வேறொன்றை வாங்கி வருவேனா? மகள் நித்தியாவுக்கு மூன்று வயதுதான் ஆகிறது.

மார்ச் 19
காலையில் ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பிரிவில் அன்பரசி என்று ஒரு பெண். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"இது உங்க ரத்தந்தான் பிரேமலாக்கா. வெள்ளை அணுவ மட்டும் பிரிச்சு, கொஞ்சம் மருந்து ஒட்டி திரும்ப ஏத்துவோம். கிருமி எங்க இருக்கோ அங்க அதுங்களே போய்ச் சேரும். கேமராவுல வெளிச்சமாத் தெரியும். பயப்படாதீங்கலா."
மத்தியானம் ஏற்றினார்கள். வலிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. சாயங்காலம் முதல் படம். இன்று முழுக்கப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாதாம்.
வீட்டுக்குள் நுழைந்ததும் நித்தியா ஓடி வந்தாள். கிட்ட வராதே என்று கத்திவிட்டேன். அப்படியே நின்றாள்.
"நா ஒண்ணும் பண்ணலம்மா."
அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே கதவை விரலால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஐயோ, என்னா பொழப்பு இது.

மார்ச் 20
இரண்டாவது படம். எழும்போது திரையைப் பார்த்துவிட்டேன். சாம்பல் நிற உடம்பு, அது நான். வலது தொடையில், முட்டிக்கு மேலே ஒரு வெளிச்சம். நேற்றைவிடக் கூடுதலா என்று அன்பரசியைக் கேட்டேன்.
"டாக்டர்தான்க்கா சொல்லணும்."
அந்தக் குரலே போதும்.

மார்ச் 21
பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். இறக்கவில்லை.

மார்ச் 27
கம்பியின் கீழ் நுனியில், திருகாணி இருக்கும் இடத்தில்தான் கிருமி. மேலே ஏறவில்லை. ஒடிந்த எலும்பு கூடிவிட்டதால் கம்பியை எடுத்துச் சுத்தம் செய்து, ஆறு வாரம் மருந்து ஏற்ற வேண்டும்.
"காலு, டாக்டர்?"
"இப்ப அந்தப் பேச்சே வேணாம்மா."
இப்ப. அந்த ஒரு சொல்லை வீடு வரை சுமந்துகொண்டு வந்தேன்.

ஏப்ரல் 2
நாளை ஆபரேஷன். நான் கையெழுத்துப் போட்ட தாளில், மோசமாக இருந்தால் காலை எடுக்கவும் சம்மதம் என்று ஒரு வரி. சுகுமாறன் அதைப் படித்தாரா தெரியவில்லை. பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

ஜூன் 22, சனி
மருந்து ஏற்றி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. ரவாங் டவுனில் செருப்பு வாங்கினோம். வலது கால் இளைத்துவிட்டது. அந்தப் பக்கம் தளர்வாக இருந்தது. கடைக்கார அம்மா உள்ளே மெத்தென்று ஒன்று வைத்துக் கொடுத்தார். கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்தேன். நித்தியா எனக்கு முன்னால் ஓடினாள்.
"புடிச்சுக்கவா?" என்றார் சுகுமாறன்.
வேண்டாம் என்றேன்.