மரமும் கம்பியும்

8 ஜூன் 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரப் பாட்டுப் பரிந்துரையைப் போட்டுவிட்டேன். 'மரமும் கம்பியும்' தொடங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் நாலு பேராகத் தொடங்கியது. இப்போது பெயிண்ட் ஷாப், பேக்கிங், ஆபீஸ் என்று எல்லாப் பக்கமும் ஆள் இருக்கிறார்கள். விதி ஒன்றுதான்: கரண்டில் சொருகாத வாத்தியம். பாஞ்சோ, மண்டோலின், ஃபிடில், ஆள் உயரம் நிற்கும் பேஸ். ப்ளூகிராஸ், பழைய ஜாஸ், அமெரிக்க மலைக்காரர்களின் பாட்டு. வாரநாளில் யாரும் எதையும் சொல்லலாம், ஞாயிறு மட்டும் நான். 'வெஸ்லின் போதகர் பிரசங்கம்' என்று என்னைத் தங்கதுரை கேலி செய்வான். இரும்புத் தகடு அடிக்கும் பிரெஸ் ஷாப்பில் எனக்கு அடுத்த மெஷின் அவனுடையது. அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும் என்பதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

இந்த வாரம் பிரவீனாவும் ஒன்று சொல்லியிருந்தாள். சூளகிரிப் பெண், பேக்கிங்கில் இருக்கிறாள், எங்கள் பஸ்தான். மூன்று பேர் வாசிக்கும் ஜாஸ். "பேஸ் வாசிக்கிறவரு மூச்சு வுடறதுகூட கேக்குதுண்ணா" என்று எழுதியிருந்தாள். பேஸ் அருமை. மூச்சு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சின்ன வயசு, ஆர்வத்தில் கூட்டிச் சொல்கிறாள்.

10 ஜூன், செவ்வாய்

மகள் எஸ்லினுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. தெர்மாமீட்டரும் கெட்டுவிட்டது. எவ்வளவு நேரம் கக்கத்தில் வைத்துப் பிடித்தாலும் சத்தம் வரவில்லை. புதிது வாங்க வேண்டும்.

14 ஜூன், சனி

இன்று முழுக்க அந்த கேசட்தான். போன மாதம் பெங்களூரில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அட்டை கிழிந்து, பெயர் பாதி போய்விட்டது. இரண்டு பேர் ஏதோ ஒரு மலைவீட்டு வாசலில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள், ஒருவர் மண்டோலின், ஒருவர் கிட்டார். டேப்ரெக்கார்டரிலிருந்து போனுக்கு ஒயர் போட்டு ஏற்றினேன். போன் பேட்டரி நிற்காததால் சார்ஜரிலேயே வைத்திருந்தேன். இயர்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். சுத்தம். ஊரில் சபைக் கீர்த்தனைக்கு மண்டோலின் வாசித்தவன் நான். அந்த மனிதர் ஒரு சரணத்தை முடித்துவிட்டு இறங்குகிற இறக்கம் இருக்கிறதே, அதற்காகவே இந்த மெனக்கெடல்.

இது இணையத்தில் எங்கும் கிடையாது. என் கையால் வந்தது.

15 ஜூன், ஞாயிறு

போட்டேன். கைதட்டல் படங்களாக வந்து குவிகின்றன. ஆபீஸ் சத்யப்ரியா மேடம்கூட 'அருமை சார்' என்றார்.

16 ஜூன், திங்கள்

காலை பஸ்ஸில் வரும்போதே பிரவீனா எழுதியிருந்தாள். "பாட்டு நல்லாருக்குண்ணா. ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கீச்சுனு ஒரு சத்தம். காதுல கொசு பூந்த மாதிரி. முழுசா கேக்க முடியல."

எனக்கு வந்ததே கோபம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஏற்றியிருக்கிறேன், இவளுக்குக் கொசுவாம். பதில் போட்டேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்: "போன் ஸ்பீக்கரில் கேட்டால் கொசுவும் வரும், ஈயும் வரும். மர வாத்தியம் கேட்பதற்கு நல்ல இயர்போன் மட்டும் போதாது, காதும் வேணும் தங்கச்சி."

சிரிக்கும் முகங்கள் நிறைய விழுந்தன. அவள் "சரிங்கண்ணா" என்று மட்டும் போட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் டிரைவர் நாராயணப்பன் பின்னால் உள்ள சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தால் பின்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

18 ஜூன், புதன்

பிரவீனா குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். போகட்டும்.

இல்லை, போகட்டும் என்று எழுதினேனே தவிர மனசு ஆறவில்லை. பேஸைப் பற்றி அவளைப் போல எழுத ஆள் இல்லை.

24 ஜூன், செவ்வாய்

எதை முதலில் எழுத?

வருஷாந்திர மெடிக்கல். கேன்டீன் பக்கத்தில் வேன் நின்றது. உள்ளே ஒரு கூண்டு. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். போன வருஷம் இந்த டெஸ்ட் அன்று நான் லீவு, அதற்கு முந்தின வருஷம் டெஸ்டே நடக்கவில்லை. முதலில் சில சத்தம் கேட்டது, அமுக்கினேன். பிறகு அமைதியாகிவிட்டது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். நல்ல கூண்டு, என்ன நிசப்தம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் எடுக்கும் பெண் கதவைத் திறந்து, "சார், ஏன் அமுக்க மாட்டேங்கறீங்க?" என்றாள்.

"இன்னும் வரலையேம்மா."

அவள் முகம் மாறியது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் அதே நிசப்தம்.

டாக்டர் தாளைக் காட்டினார். கோடு பாதி தூரம் ஒழுங்காக வந்து, பிறகு கிணற்றில் விழுந்திருக்கிறது. இரண்டு காதுக்கும் அப்படித்தான். "மேல்சுருதி சத்தம் போயிருக்கு. எத்தனை வருஷமா பிரெஸ் ஷாப்? போனது திரும்ப வராது. மிச்சத்தையாவது காப்பாத்துங்க."

இயர்பிளக் போடுவீங்களா என்று கேட்டார். போடுவேன் என்று பொய் சொன்னேன். கழுத்தில் மாலையாகத் தொங்கும், பாதுகாப்பு ஆடிட்டர் வந்தால் காதுக்கு ஏறும். காதை அடைத்துக்கொண்டு மெஷினை எப்படிக் கவனிப்பது, சத்தத்தை வைத்தே தகடு அடிக்கும் டை தேய்ந்ததைச் சொல்லிவிடுவேன் என்று புதுப் பையன்களிடம் எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்.

25 ஜூன், புதன்

தெர்மாமீட்டர் கெடவில்லை.

27 ஜூன், வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் தங்கதுரையைக் கேன்டீன் பின்பக்கம் அழைத்துப் போய், அந்தப் பாட்டில் கீச்சுச் சத்தம் இருக்கிறதா, உண்மையைச் சொல் என்றேன். அவன் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருக்குது."

"உனக்குக் கேட்டுச்சா?"

"எல்லாத்துக்குந்தான் கேட்டுச்சு வெஸ்லினு. நான் அரை நிமிசத்துல நிறுத்திட்டேன். நீ அவ்ளோ ஆசையா போட்டிருக்கிற, எப்படிச் சொல்றதுன்னு வுட்டுட்டோம்."

அப்படியானால் அந்தக் கைதட்டல் எல்லாம்? கேட்கவே முடியாத ஒன்றுக்கு அத்தனை பேரும் அருமை என்றிருக்கிறார்கள். உண்மை சொன்ன ஒரே பொண்ணப் பாத்து காது வேணும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்ச ஒவ்வொருத்தனுக்கும் அந்தக் கீச்சு கேட்டிருக்கு. அவளப் பாத்தா சிரிச்சாங்க? என்னப் பாத்தா?

செத்துடலாம் போல இருக்கு. சும்மா எழுதுகிறேன், சாக மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை அந்த பஸ்ஸில் ஏற வேண்டுமே.

28 ஜூன், சனி

மனைவி ஜெயசெல்வியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்தது ஆறுதல். அவள் அழுதாள்.

"வாஷிங் மெஷின் அடிச்சிட்டே கெடக்கும், நீங்க பக்கத்துலயே இருந்து போனப் பாத்துட்டு இருப்பிய. வேணும்னே எந்திச்சு வரலன்னு நெனச்சு எத்தன நாளு பேசாம இருந்திருக்கேன். கேக்கவே இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பேசாமல் இருந்த நாட்களைக்கூட நான் கவனிக்கவில்லை. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

பிற்பகல் மண்டோலினை எடுத்தேன். மேல் தந்தியின் அந்தக் கோடி வரை போனேன். கேட்கிறது. ஆனால் எனக்குக் கேட்பது முழுசா, இல்லை பாதியை நானே நினைத்துக்கொள்கிறேனா? திருப்பிப் பையில் வைத்துவிட்டேன்.

30 ஜூன், திங்கள்

பிரவீனாவுக்குப் பின் சீட்டு காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். "சூளகிரியில மழையா?" என்று கேட்டேன். "இல்லண்ணா" என்றாள். அவ்வளவுதான். கேட்டதும் கேட்டேன், மழையைப் பற்றியா கேட்பேன்?

இன்றிலிருந்து இயர்பிளக் போடுகிறேன். புதுப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, ஆடிட்டா அண்ணா என்றான்.

2 ஜூலை, புதன்

டீ இடைவேளையில் பேக்கிங் பக்கம் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று சொல்லிவிட்டேன். டெஸ்ட், கோடு, தங்கதுரை சொன்னது, எல்லாம். "தப்பு என்மேலதாம்மா, மன்னிச்சிரு" என்றேன். அந்த வார்த்தை வெளியே வருவதற்குள் டீ ஆறிவிட்டது.

அவள் டேப் ஒட்டிக்கொண்டே கேட்டாள். முதலில் "ஐயோ, டாக்டர் என்ன சொன்னாருண்ணா?" என்றுதான் கேட்டாள். அதுவே எனக்குப் பெரிய அடி. பிறகு சொன்னாள்:

"மன்னிப்பெல்லாம் சரிண்ணா. ஆனா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இப்போ பெட்டிங்க முன்னாடி சொல்றீங்க."

அந்தக் குழுவில் சூப்பர்வைசர் இருக்கிறார், சத்யப்ரியா மேடம் இருக்கிறார். காது போனவன் என்று தெரிந்தால் என்னைப் பிரெஸ்ஸிலிருந்து தூக்கி ஸ்டோர்ஸில் போடலாம். அது போனால் போகட்டும், உண்மையான பயம் அதுவல்ல. காது கேட்காதவன் சொல்லும் பாட்டை இனி யார் கேட்பார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

3 ஜூலை, வியாழன்

எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன்.

4 ஜூலை, வெள்ளி

போட்டுவிட்டேன். பஸ்ஸில், எல்லாரும் இருக்கும்போதே.

"போன மாதம் நான் போட்ட கேசட் பதிவில் கீச்சுச் சத்தம் இருக்கிறது. பிரவீனா சரியாகச் சொன்னாள், நான் அவளை அவமானப்படுத்தினேன். எனக்கு மேல்சுருதி கேட்பதில்லை, டெஸ்டில் தெரிந்தது. காது வேணும் என்று நான் சொன்னது எனக்குத்தான். பிரவீனா, மன்னித்துவிடு. உன்னைத் திரும்பச் சேர்க்கலாமா?"

அனுப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். சீட்டு சீட்டாகப் போன்கள் திறப்பது தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு கீச்சுச் சத்தம் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தங்கதுரை முன்சீட்டுக்குப் போய் அவளிடம் போனைக் காட்டினான். அவள் படித்தாள், திரும்பிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

சேர்த்தேன். வந்ததும் முதல் செய்தி: "சார்ஜர்ல போட்டுகினே ஏத்தினீங்களாண்ணா? அதைக் கழட்டிட்டு ஏத்திப் பாருங்க."

5 ஜூலை, சனி

போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். எனக்கு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதலில் பிரவீனாவுக்கு மட்டும் அனுப்பினேன். சரியாக இருக்கிறதா என்று இன்னொருவரிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பது, இந்த ஒரு வருஷத்தில் இதுதான் முதல் முறை.

"கீச்சு போயிடுச்சுண்ணா! சூப்பரா இருக்குது. இன்னொண்ணு. நாலாவது நிமிசத்துல மண்டோலின் நிக்குதில்ல, அங்க ஒரு குருவி கத்துது. நீங்க எழுதவே இல்லியே?"

குருவியா?

எத்தனை முறை கேட்டிருக்கிறேன் அந்த இடத்தை. மண்டோலின் நிற்கும், கிட்டார் மட்டும் தாளம் போடும். ஏன் அங்கே சும்மா நிறுத்துகிறார் என்று யோசித்திருக்கிறேன். சும்மா நிறுத்தவில்லை.

எப்படிக் கத்துகிறது என்று கேட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

காலையில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. "உங்களுக்குக் கேக்கணும்னு நல்லா கீழ எறக்கிப் பாடறேண்ணா. சிரிக்கக்கூடாது" என்றுவிட்டு, ம்ம் கொட்டுகிற மாதிரி மூன்று சுரம். இரண்டு ஏறி, ஒன்று இறங்குகிறது. நான் சிரிக்கவில்லை.

குழுவில் போட்டேன்: "இந்த வாரமும் அதே கேசட், திருத்தியது. நாலாவது நிமிஷத்தில் மண்டோலின் நிற்கும்போது ஒரு குருவி பாடும். அதற்கு வழிவிடத்தான் அவர் நிறுத்துகிறார் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்காது. பிரவீனா சொல்லித் தெரிந்துகொண்டது. உங்களுக்குக் கேட்கும், விட்டுவிடாதீர்கள்."

இந்த முறை கைதட்டல் குறைவு. நாராயணப்பன் மட்டும் 'குருவி கேட்டேன்' என்று எழுதியிருந்தார். அவர் குழுவில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பிற்பகல் மண்டோலினை வெளியே எடுத்து, அந்த மூன்று சுரத்தைக் கீழ்த் தந்தியில் தேடிப் பிடித்தேன். ஜெயசெல்வி என் இயர்போனைக் காதில் வைத்து அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, நான் வாசிப்பதையும் கேட்டாள்.

"இது இல்ல. குருவி இன்னும் மேல கத்துது."

"தெரியும்" என்றேன். திரும்பவும் அதே கீழ்த் தந்தியில் வாசித்தேன்.