திருப்பி அனுப்பிய பல்வலி

ஜூன் 3, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சாட்சிக்கு சலூன்காரரைக் கேட்கலாம். அவர் மறந்திருந்தால் அது என் குற்றமில்லை.

மேல்தெருக்காரர்களின் காய்ச்சலையும் பல்வலியையும் எங்கள் கீழ்த்தெரு சுமப்பது பாட்டன் காலத்து ஏற்பாடு. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது சரியாகத்தான் இருக்கிறது. இன்று அந்த வலிகளைப் பிரித்துக் கொடுக்கும் வலி ஆபீஸ் வாசலில் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: இனி நோய்வலி மட்டுமல்ல, விருந்தில் குடித்த தலைவலி, புதுச் செருப்பு கடித்த வலி எல்லாமே நமக்குத்தான். குடிப்பது அவன், மண்டை பிளப்பது எனக்கா? எந்த ஊர் நியாயம் இது?

என் தங்கை மகள் குருவி (பெயர் நான் வைத்தது, இப்போது ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது) நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். யாரோ ஒரு சீமாட்டியின் குதிகாலாம். "ஜென்மத்துல ஒரு ஹை ஹீல்ஸ் போட்டதில்ல மாமா. கொப்புளம் மட்டும் எனக்கு" என்றாள். பதினெட்டு வயதுப் பெண்!

ஜூன் 4, புதன்

பின்னால் படிக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு நாங்கள் வைத்த பெயர் மூக்குக்கண்ணாடி. யார் வலி யாருக்கு என்ற சீட்டை அவர் வாசிப்பார். நாம் செம்புத் தட்டில் கை வைத்து "ஏற்றேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், வலி கை வழியாக ஏறிவிடும். தலைக்கு மேல் ஒரு போர்டு: மறுப்பவர் மூச்சு அவ்விடத்திலேயே நிற்கும். அதற்குப் பயந்து இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

என்னைத் தவிர. இருபது வருஷத்துக்கு முன்னால் மேல்தெரு நீதிபதியின் பல்வலிக்கு நான் "மாட்டேன்" என்றேன். வலி விர்ரென்று மேலே திரும்பிப் போய், மனிதர் தன் மேசையையே கடித்துவிட்டார். எங்கள் தெருவில் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. இன்னொரு சமயம் ஒரு பெரிய அதிகாரியின் கல்லடைப்பை மூன்று நாள் சுமந்துகொண்டே கூரை ஓடு மாற்றினேன்.

"ஓடு மாத்துனது நான். இவரு கட்டில்ல சுருண்டு கிடந்தாரு" என்கிறாள் வீட்டுக்காரி. பெண்களுக்கு ஞாபகம் கொஞ்சம் குழம்பும்.

ஜூன் 6, வெள்ளி

பெரிய வலிக்கு முன்கூட்டியே சீட்டு வரும். குருவிக்கு வந்துவிட்டது. மேல்தெரு முதல் வீட்டுப் பெரியவர். நெஞ்சுவலி. திங்கட்கிழமை.

அதே வீடு. அதே நெஞ்சு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை அதற்குத்தான் "ஏற்றேன்" என்றாள். மதியத்துக்குள் அவள் கதை முடிந்துவிட்டது. சாயங்காலம் அந்த ஆள் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு காற்று வாங்கப் போனான். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. அவளுடைய சீட்டில் "முடிந்தது" என்று முத்திரை குத்தி எங்கள் கதவிடுக்கில் சொருகினார்கள். அவர்களுக்கு ஒரு வாய்ச்சொல் ஆறுதல்கூடவா பஞ்சம்?

குருவி சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள். "நான் ஏத்துக்க மாட்டேன் மாமா. நீங்க அன்னிக்கு மாட்டேன்னீங்க. உயிரோடதான இருக்கீங்க?"

பக்கத்து வீட்டுத் தையல்காரி வேறு: "அண்ணன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரே, இதுக்கு மேல என்ன சாட்சி? நாங்களும் வர்றோம்டி."

"அதெல்லாம் அந்தக் காலம், அப்ப காத்தே வேற" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு! தன்னடக்கம்!

ஜூன் 7, சனி

சாப்பிடவில்லை. குழம்பில் உப்பு அதிகம். வேறொன்றுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

"கொஞ்சம் யோசிம்மா. ஒருவேளை அந்த போர்டு நெசமா இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏத்துக்கிட்டா அம்மா மாதிரி. மாட்டேன்னா உங்கள மாதிரி. இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு?"

விறகு பிளக்க வேண்டும் என்று கொல்லைப்பக்கம் எழுந்து போனேன். நான்! ஏழாம் வகுப்பில் வாத்தியாரையே வாயடைக்க வைத்தவன் நான்.

ஜூன் 9, திங்கள்

வரிசையில் குருவிதான் முதல் ஆள். தோளால் இடித்து அவளுக்கு முன்னால் போய் நின்றேன். "பெரியவனுக்கு ஒரு மரியாதை கிடையாதா?" என்று அதட்டினேன். அவளுக்குக் கோபம்.

என் சீட்டு: பதினான்காம் வீடு, இடது கடைவாய்ப் பல். தட்டு ஜில்லென்று இருந்தது. மூக்குக்கண்ணாடி தலை நிமிராமல் "ம், சொல்லு" என்றார்.

"மாட்டேன்."

"சத்தமா."

"மாட்டேன் சார்!" அந்த சார் தேவையில்லை. வாய் தவறி வந்துவிட்டது.

மூச்சு நிற்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணினேன். பத்து. இருபது. முப்பதில் தும்மல் வந்தது. மூக்குக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றிவிட்டு போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிக்கணுமே" என்றார். பாவி, அவரும் அதை நம்பித்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறார்!

அப்போது மேல்தெருவிலிருந்து ஓர் அலறல்: "ஐயோ என் பல்லு!"

குருவி தட்டில் கை வைத்தாள். அவளிடம் யாரும் சத்தமாகச் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு தையல்காரி, சலூன்காரர், இருநூறு பேர். சரி, எழுபது.

இப்போதுதான் வயிறு எரிகிறது. எவனோ எழுதிய நாலு வார்த்தை. அதற்குப் பயந்து எத்தனை பிணம் தூக்கினோம்? என் தங்கை ஒரே ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால்? போடா, நீயும் உன் போர்டும்!

ஜூன் 12, வியாழன்

மேல்தெருவில் வைத்தியரே கிடையாதாம். எதற்கு, நாம்தான் இருந்தோமே! முதல் வீட்டுப் பெரியவர் தன் நெஞ்சைத் தானே பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். நம் தெரு கம்பவுண்டர் போய்ப் பார்த்தார். சாகவில்லை. அழுகிறாராம்.

பட்டுச்சேலைக்காரி ஒருத்தி நம் வாசலுக்கே வந்தாள், கன்னம் வீங்கி. "இது எப்போ நிக்கும்?" என்றாள். விரட்டியடிக்க வாயைத் திறந்தேன். வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்: "உப்புத் தண்ணில கொப்புளிம்மா. ரெண்டு நாள் படுத்தும். எங்களுக்குத் தெரியும்ல."

ஜூன் 18, புதன்

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலும் வலி ஆபீஸ் இருக்கிறது. அங்கே போய்ப் பேச குருவி கிளம்புகிறாள். என் கதையை எழுதி எடுத்துப் போக வேண்டுமாம். பேனாவோடு உட்கார்ந்தாள்.

"முதல் தடவை மாட்டேன்னு சொன்னப்ப எப்படி இருந்துச்சு மாமா?"

"தட்டு ஜில்லுன்னு இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டேன். சார்னு வேற சொல்லித் தொலைச்சுட்டேன்."

எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "சார்னு சொன்னது போன வாரம்ல?"

நான் ஜன்னலைச் சாத்த எழுந்து போனேன். முதுகுக்குப் பின்னால் பேனா மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

தங்கையின் சீட்டு முத்திரையோடு வந்த அன்று இவளுக்கு ஏழு வயது. "மாட்டேன்னு யாருமே சொன்னதில்லையா மாமா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எவனால் சொல்ல முடியும்?

நீதிபதிக்குப் பல் வலித்தது நிஜம். சீட்டு எனக்கு வந்ததும் நிஜம். நான் "ஏற்றேன்" என்றுதான் சொன்னேன். அதுவும் சத்தமாக.