மூடிக்குள் கீறியிருந்த வருஷம்

மாதுங்கா, பம்பாய்
22-11-1946

சௌபாக்கியவதி ஷ்யாமளாவுக்கு அம்மா அகிலாண்டம் ஆசீர்வாதத்துடன் எழுதியது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கராச்சியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். மாவு பிசையும் கரண்ட் மெஷின் எப்படி உழைக்கிறது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். மூன்று வாரமாக நான் பதில் போடாததற்கு அந்த மெஷின்தான் காரணம். இப்போது ஒருவழியாகத் தீர்ந்ததால் சொல்கிறேன், படித்துவிட்டு நீ பயப்படாதே.

ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தள்ளுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நம்மிடம் சாப்பிடும் எட்டு ஆபீஸ் பிள்ளைகளுக்கும் சப்பாத்தி என்றால் என் மணிக்கட்டு தாங்கவில்லை என்றுதான் அப்பா ஆடி மாதம் ஒரு தரகரிடம் அதைப் பழசாக வாங்கினார். சீமைக்குத் திரும்புகிற வெள்ளைக்காரக் குடும்பத்துச் சாமான் என்றார் தரகர், ரசீது ஒன்றும் தரவில்லை. அவரிடமே கீழ்வீட்டு ஜகந்நாதன் மாமா ஒரு கரண்ட் அடுப்பு வாங்கியிருந்தார். தீபாவளி முடிந்த நாலாம் நாள் காலையில் போலீஸ் வந்து அடுப்பையும் மாமாவையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. யுத்தத்தின்போது ஏதோ மிலிட்டரிக் கிடங்கிலிருந்து திருட்டுப்போன சாமானாம். மாமி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே, "அகிலா, அவா லிஸ்டுல மாவு மெஷினும் இருக்காம்டி" என்றாள்.

அப்பா ரிட்டையராக இன்னும் ஏழு மாதம். முப்பது வருஷ ரயில்வே உத்தியோகத்தில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷர். திருட்டுச் சாமானோடு அகப்பட்டால் வேலையும் போகும், மானமும் போகும். மெஷினைக் காலியாகக் கிடந்த அரிசி டிரம்முக்குள் இறக்கி மேலே பழைய புடவையைப் போட்டு மூடினோம். அதன்பிறகு அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டார், படியில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். தபால்காரர் கூப்பிட்டாலும் குரல் கொடுக்க மாட்டார். ஒருநாள் சாக்கை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல கட்டி மாஹிம் உப்பங்கழியில போட்டுட்டு வந்துடறேன்" என்றார். நான் விடவில்லை. போகிற வழியில் பிடித்தால் திருட்டை நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா.

மெஷினுக்குக் கரண்ட் இணைத்துக் கொடுத்த தாராவி எலெக்ட்ரிக் மிஸ்திரி வானமாமலையை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஜாரில் விசாரித்துக்கொண்டு வந்து, "காணாமப் போனதெல்லாம் நாப்பத்திரண்டுக்குப் பொறவு வந்த மெஷினும்மா. இது அதுக்கு முந்தினதுன்னு காட்டிட்டம்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார். அன்றிலிருந்து மூன்று நாள் அதற்கு வயசு கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அடியில் இருந்த பித்தளைத் தகட்டில் நம்பர் இருந்தது, வருஷம் இல்லை. உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருப்பதைக் காட்டி, பத்து வருஷப் பழசு என்றார், எனக்கு உயிர் வந்தது. உடனே அவரே, மிலிட்டரி அடுக்களைச் சூட்டில் சீக்கிரமே இறுகிவிடும் என்று சொல்லிவிட்டார். மோட்டாருக்குள் உரசிக்கொண்டே இருக்கும் கரித்துண்டு பாதி தேய்ந்திருந்தது. அதுவும், "ராப்பகலா ஓடுனா ஒரே வருசத்துல தேஞ்சிரும்லா" என்று ஆகிவிட்டது. மூன்றாம் நாள் பல்சக்கரத்து மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்தபோது, உட்பக்கம் ஆணியால் கீறின எழுத்து இரண்டு வரி தெரிந்தது. உருது. ரிப்பேர் பார்க்கிறவர்கள் தங்கள் குறியையும் தேதியையும் அப்படிப் போடுவது வழக்கமாம். அந்தக் குறியை அவர் பார்த்திருக்கிறார். மாஹிமில் ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஒரு உஸ்தாதுடையது, அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்து வெடிவிபத்தில் போய்விட்டார், இப்போது அவர் மனைவி பேகம்தான் கடையைப் பார்க்கிறாள் என்றார்.

செப்டம்பர் முதல் இங்கே கத்திக்குத்தும் ஊரடங்கும் எப்படி இருக்கிறது என்று நீ பேப்பரில் படித்திருப்பாய். மாஹிமுக்குப் போகாதே என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூடியைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வானமாமலையோடு நடந்தேன். நெற்றிக் குங்குமத்தை அழித்துவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் கை மேலே போயிற்று, அம்பாள் என்னை மன்னிக்கட்டும். பாதிக் கடை சாத்தியிருந்தது. முனையில் நின்ற நாலு பேர் என் பையையே பார்த்தார்கள், அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பேகம் கதவை ஒரு சாண் திறந்து எங்களைப் பார்த்துவிட்டுச் சாத்தப் போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டும் ஒருத்தி பயப்படுவாள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மூடியை எடுத்து நீட்டினேன். வாங்கினவள் விரலால் அந்த எழுத்தைத் தடவினாள். "மேரே மியான் கா ஹாத் ஹை" என்றாள், என் புருஷன் கையெழுத்து என்று. பல்சக்கரம் மாற்றியது, 1937 மார்ச் என்று வாசித்துக் காட்டினாள். நான் கேட்காமலே புர்க்காவைப் போட்டுக்கொண்டு, அவர் கீறின ஒரு பழைய ஃபேன் மூடியையும் எடுத்துக்கொண்டு கூடவே மாதுங்கா போலீஸ் சௌக்கிக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் இதை யார் வேண்டுமானாலும் கீறலாமே என்றார். அவள் இரண்டு மூடியையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் உருது தெரிந்த ஒரு ஜவானைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், அப்புறம் வீட்டுக்கு ஆள் அனுப்பி மெஷினையும் பார்த்துவரச் சொல்லி, இது லிஸ்டில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாவம், ஜகந்நாதன் மாமா இன்னும் வெளியே வரவில்லை, வக்கீல் வைத்திருக்கிறார்கள்.

சௌக்கியிலிருந்து நாங்கள் நம் வீட்டு வாசல்வரை வந்தபோது ஊரடங்குக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. வானமாமலைக்குத் தாராவிக்குப் போயாகவேண்டும். பேகம் தனியாகவே போய்விடுவேன் என்றாள். அப்போது அப்பா, மூன்று வாரமாகக் காய்கறிக் கடைக்குக்கூடப் போகாத அப்பா, ஆபீஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, "நான் கொண்டு விட்டுட்டு வரேன்" என்று அவளுக்கு நாலடி முன்னால் நடந்தார். போலீசுக்குப் பயந்த பயமெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது, அவர் திரும்பி வருகிறவரை. ஊரடங்கு ஊதல் சத்தம் கேட்கிற சமயத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "அவ உள்தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டப்பறம்தான் திரும்பினேன்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

நீ இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு, மாப்பிள்ளையிடமும் சொல். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீ எழுத முடியாவிட்டால் வெறும் கார்டில் உன் பெயரை மட்டும் எழுதிப் போடு, உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குப் போதும். தீர்க்க சுமங்கலியாக, சகல சௌபாக்கியத்தோடு நீ இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா
அகிலாண்டம்