நான் சொன்னதும் நீ அடித்ததும்

என் சிட்டு,

ஊரே உன்னை மேரி என்று கூப்பிட்டாலும் எனக்கு நீ சிட்டுதான். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. லாட்ஜில் உன் இடத்துக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் பெட்ஷீட் மடிக்கும்போது அந்தப் பக்க முனையைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறாள். பதினோரு மணி டீக்கு நான் இன்னமும் பின்பக்கப் படிக்கட்டில்தான் உட்காருகிறேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு. யாரிடம் நீட்டுவேன்?

என் மகள் ராணி சொல்லாமல் கொள்ளாமல் பழனியில் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்று, "நீ செத்துட்டன்னு நெனச்சுக்கிறேன்" என்று போனில் கத்தினேன் அல்லவா. அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவள் எடுக்கவே இல்லை. நீதான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாய்.

"யக்கா, சும்மா மணியடிச்சுக்கிட்டே இருந்தா அவளுக்கு ஒன் கோவந்தான் ஞாபகம் வரும். மெசேஜ் போடு. அது பாட்டுக்குக் கெடக்கும். மனசு எறங்குனா எடுத்துப் படிப்பா."

"எனக்கு எங்கடி அதெல்லாம் அடிக்க வருது?"

"நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

"சாப்பிட்டியான்னு கேளு."

டீ ஆறும் வரைக்கும் அடித்தாய். "சாப்பிட்டியாங்கிறதுக்கா இம்புட்டு நேரம்?" என்று கேட்டதற்கு, "மூணாங்கிளாஸ்ல ஓடிப்போன ஆளு எனக்குப் பாடம் நடத்துறியாக்கும்!" என்று சிரித்தாய். மறுவாரம் பதில் வந்தது. "சாப்பிட்டாளாம். நீ சாப்பிட்டியான்னு கேக்குறாக்கா" என்று படித்துச் சொன்னாய். அந்த ஒரு வரிக்கு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து தினமும் டீ நேரத்தில் இதே சோலிதான் நமக்கு.

இப்போது படித்துச் சொல்ல ஆளில்லை. போன வாரம் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, அந்த மெசேஜையெல்லாம் முதலிலிருந்து நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று நாள் ஆனது. சிட்டு, நான் சொன்ன 'சாப்பிட்டியா' ஒவ்வொன்றிலும் கடைசியில்தான் இருந்தது. அதற்கு மேலே நீயாக அடித்தது: "அன்னைக்கு அப்படிச் சொன்னது அம்மா தப்புதான் சாமி. பாத்ரூம் கழுவும்போது தெனமும் ஒன்ன நெனச்சு அழுவுறேன்."

என்னைக் கேட்காமல் என் பேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாயே என்று முதலில் உன்னை வைதேன். அப்புறம் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் ராணியே ஒன்று போட்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம வரலாம்னு இருக்கேம்மா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ கூப்பிடு. மெசேஜ்ல சொன்னத ஒன் வாயால கேக்கணும்."

நேற்றுக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டாள். "சொல்லும்மா" என்றாள். எனக்கு 'சாப்பிட்டியா' தவிர ஒன்றும் வரவில்லை.

"இதுக்கா கூப்பிடச் சொன்னேன்?"

அதெல்லாம் மேரி சித்தி எழுதினது என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. "அதுல இருக்கதெல்லாம் நெசந்தான் தாயி" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மெசேஜில் இது கேட்காது, சிட்டு. பக்கத்தில் இருந்திருந்தால் உன் காதிலும் கொஞ்ச நேரம் போனை வைத்திருப்பேன்.

அவள் வருகிறாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேராக உன் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். எழுதினது யார் என்று அங்கே வைத்துச் சொல்லிவிடுவேன். மன்னிப்பையும் என் வாயாலேயே கேட்பேன். அவள் என்ன சொன்னாலும் சரி. இது சத்தியம்.

எனக்கு ஒன்று மட்டும்தான் விளங்கவில்லை. கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தானே அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டுதானே வெளியே வந்தேன். உனக்கு எப்படியடி கேட்டது?

உன் கூடப் பிறக்காத அக்கா,
பாக்கியம்