ஃபரங்கீஸ் மறுக்காத வேலை

அனுப்புநர்
மொர்தெஜா நெஜாதி,
பிஸ்தா, உலர்பழ வியாபாரம்,
யங் தெரு, வடக்கு யார்க், டொரோண்டோ.

பெறுநர்
விசாரணை அலுவலர் அம்மையார் அவர்கள்,
வேலை நிபந்தனைகள் பிரிவு,
மாகாணத் தொழிலாளர் துறை, டொரோண்டோ.

பொருள்: வடகரை ஓடைப் பாதுகாப்பு அறக்கட்டளை – பதினேழு மாதம் ஊதியமின்றிப் பணியாற்றிய பொறியாளர் ஃபரங்கீஸ் சொஹ்ராபி வேலையை மறுத்ததாகத் தவறாகப் பதிந்தது – ஜூலை 10-க்குள் அப்பதிவை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இந்தத் தெருவில் இருபத்தாறு ஆண்டாகக் கடை வைத்திருக்கிறேன். அரசு அலுவலகங்களுக்கு இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன். அவையெல்லாம் என் கடைக்காக எழுதியவை. இது என் மனைவியின் தங்கைக்காக. நான் எதையும் சந்தேகப்பட்டுப் பார்க்கிறவன். மூட்டையின் மேலே தெரியும் பிஸ்தாவைப் பார்த்து விலை பேச மாட்டேன், அடிவரை கையை விட்டுப் பார்ப்பேன். இந்த விஷயத்திலும் அப்படியே செய்தேன். கைக்கு வந்ததைக் கீழே வைக்கிறேன்.

1. ஃபரங்கீஸ், வயது 43, ஈரானில் அஹ்வாஸ் நகரில் காருன் ஆற்று நீரேற்று நிலையங்களைப் பதினொரு ஆண்டு கவனித்த பொறியாளர். இங்கே வந்து நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் விண்ணப்பித்தார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "இந்த ஊர் அனுபவம் இருக்கா?" குடியேறியோருக்கு ஆலோசனை சொல்லும் ஒருவர், "சும்மாவாவது போய் வேலை செய்யுங்க, உங்க வேலையைப் பார்த்து அவங்களே கூப்பிடுவாங்க" என்றார். சும்மா என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு உறுத்தியது. ஃபரங்கீஸ் நம்பினார். சென்ற ஆண்டு ஜனவரியில் மேற்படி அறக்கட்டளையில் தன்னார்வலராகச் சேர்ந்தார்.

2. அவர் அங்கே மரக்கன்று நடவில்லை. சாலைகளுக்கு அடியில் ஓடைகள் நுழையும் குழாய்கள் இருநூற்றுப் பன்னிரண்டையும் ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கி அளந்தார். பனி உருகும் காலத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று வரைபடம் தயாரித்தார். நகராட்சி இன்று அந்த வரைபடத்தைத்தான் பயன்படுத்துகிறது. அதன் மூலையில் "தயாரிப்பு: அறக்கட்டளை ஊழியர்கள்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஊழியர் என்று அச்சில் போடத் தெரிந்தவர்களுக்கு ஊழியராக வைத்துக்கொள்ள ஏன் மனம் வரவில்லை என்பது என் முதல் சந்தேகம். எனக்கு ஒருவர் பதினேழு மாதம் இலவசமாகப் பிஸ்தா உரித்துத் தந்தால், பதினெட்டாம் மாதம் நான் எதற்குச் சம்பளத்துக்கு ஆள் தேடப் போகிறேன்?

3. மே மாதம் அறக்கட்டளை அதே வரைபட வேலைக்குச் சம்பளத்தோடு ஒருவரை நியமித்தது. சென்ற ஆண்டு படிப்பை முடித்தவர். அவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவருக்கு வேலை கற்றுத்தரும்படி ஃபரங்கீஸிடமே சொன்னார்கள். அவரும் கற்றுத்தந்தார். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் சாப்பாட்டின் முன் அமர்ந்து எதையும் தொடாமல் எழுந்து போனார்.

4. ஜூன் 3-ஆம் தேதி நானே அறக்கட்டளைக்குப் போனேன். இயக்குநர் திருமதி ஹெதர் மெக்கால் மரியாதையாகவே பேசினார். "மிஸ்டர் நெஜாதி, நாங்க மார்ச்லயே அவங்களுக்குத்தான் முதல்ல வேலையைக் குடுத்தோம். அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க. வீட்ல பொறுப்பு இருக்கும்போலன்னு நெனச்சு அவங்க விருப்பத்தை மதிச்சோம்" என்று சொல்லி, மார்ச் 11-ஆம் தேதிக் கூட்டக் குறிப்பைக் காட்டி நகலும் தந்தார். "பணி வழங்கப்பட்டது. மறுத்தார்." இவ்வளவுதான் இருந்தது. இந்தத் தாளைப் பிற்பாடு தயாரித்தார்களோ என்றுதான் அப்போது நினைத்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்தச் சந்தேகம் தவறு.

5. வீட்டுக்கு வந்து ஃபரங்கீஸிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேட்டாங்க அத்தான். நான், 'ஐயோ வேண்டாங்க, நான் அப்படி என்ன செஞ்சுட்டேன், என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருப்பாங்களே'ன்னு சொன்னேன். அவங்க 'சரி, புரியுது'ன்னு எழுதிக்கிட்டாங்க. மறுபடி கேப்பாங்கன்னு உக்காந்திருந்தேன். கேக்கவே இல்ல. காபிக் கோப்பையைக் கழுவி வச்சிட்டு வந்துட்டேன்."

என் மனைவி மஹீன் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே தடவைதானா கேட்டாங்க? இஞ்சினியராம் இஞ்சினியர்! அவ்வளவு பெரிய ஆத்தைக் கட்டி மேய்ச்சவ, 'சரிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடி?"

"நீயா இருந்தா உடனே சரின்னு சொல்லியிருப்பியாக்கா?" என்றார் ஃபரங்கீஸ்.

6. தங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஈரானியரான எங்களிடையே நல்லது எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்போம். கொடுக்கிறவர் மீண்டும் வற்புறுத்துவார். மீண்டும் வேண்டாம் என்போம். மூன்றாம் முறை வாங்கிக்கொள்வோம். தேநீருக்கும் அப்படித்தான், பெண் கொடுக்கும்போதும் அப்படித்தான். முதல் அழைப்பிலேயே கையை நீட்டினால் பறக்காவெட்டி என்று பெயராகிவிடும். என் கடையில் யார் விலை கேட்டாலும், "இருக்கட்டும், உங்க கடைதானே, எடுத்துட்டுப் போங்க" என்பேன். ஒரு முறை இந்த ஊர்க்காரர் ஒருவர், "ரொம்ப நன்றி" என்று அரைக்கிலோ பிஸ்தாவோடு நிஜமாகவே போய்விட்டார். தெரியாமல் செய்தார், நானும் சிரித்துக்கொண்டேன். ஒரு முறை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்ட திருமதி மெக்காலையும் அவரோடு சேர்த்துவிடத் தயாராக இருந்தேன்.

7. ஆனால் கூட்டக் குறிப்பின் நகலில், கூட்டத்தில் இருந்தவர்கள் வரிசையில், மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது: குரோஷ் ஸர்ரின்பூர், பணியாளர் பிரிவு அலுவலர். அந்தக் குறிப்பை எழுதியவரும் அவரே. இவரும் ஈரானியர், இஸ்ஃபஹான்காரர், என் கடைக்கு ஒன்பது ஆண்டாக வருபவர். அந்தக் கூட்டம் நடந்த ஆறாம் நாள், மார்ச் 17 அன்று, எங்கள் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகைக்குப் பருப்பு வகைகள் வாங்க வந்தார். நான் வழக்கம்போல, "இருக்கட்டும் தம்பி, காசு வேண்டாம்" என்றேன். "அதெப்படிண்ணே, முடியாது" என்றார். மறுபடி வேண்டாம் என்றேன். "சத்தியமா வாங்கிக்கணும்" என்றார். மூன்றாம் முறை என் கையைப் பிடித்துப் பணத்தைத் திணித்துவிட்டுப் போனார். என் "வேண்டாம்" வேண்டாம் அல்ல என்று அவருக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு ஆறு நாள் முன்பு, எதிர் நாற்காலியில் அமர்ந்து ஒரு பெண் சொன்ன "வேண்டாம்" மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

8. சென்ற வாரம் அவர் கடைக்கு வந்தபோது கேட்டேன். "தம்பி, நீங்க அந்த அறையில இருந்தீங்கல்ல? 'இன்னொரு தடவை கேளுங்க'ன்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" முகம் கறுத்துவிட்டது. "அண்ணே, அது ஆபீஸ் விஷயம். நான் நம்ம ஊர்க்காரிக்குப் பரிஞ்சு பேசினேன்னு ஆயிடும்" என்றார். எடுத்த பாதாமை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பயந்து வாயை மூடிக்கொண்டாரா, மூடிக்கொள் என்று யாரும் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் தன்னார்வலர்களின் உழைப்பு மணிகளைப் பெரிய எழுத்தில் போட்டு நன்கொடை கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பங்கு ஃபரங்கீஸுடையதாகவே இருக்க வேண்டும். அவரைச் சம்பளத்துக்கு எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு குறைந்துவிடும். இது சந்தேகம்தான், ஆதாரம் இல்லை. ஆகவே சந்தேகம் என்றே எழுதுகிறேன்.

9. இவ்வளவு அவசரமாக எழுதக் காரணம், அதே பிரிவில் இரண்டாவது பணியிடம் ஒன்று இப்போது காலியாக உள்ளது. ஜூலை 10 கடைசி நாள். பணியை ஒரு முறை மறுத்தவரின் விண்ணப்பத்தை ஓராண்டுக்கு ஏற்பதில்லை என்பது அவர்கள் விதி. ஃபரங்கீஸின் விண்ணப்பத்தை அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். இதுவும் போனால் ஊருக்கே திரும்பிவிடுவதாக மஹீனிடம் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்த வேலை அங்கே அவருக்காகக் காத்திருக்கவில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

அ) திரு. குரோஷ் ஸர்ரின்பூரை அழைத்து, அவர் வேலைக்குக் கேடு வராது என்ற உறுதி தந்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அன்று அந்த அறையில் அந்தப் பெண் வேலையை மறுத்ததாகத்தான் அவர் புரிந்துகொண்டாரா? அவர் பொய் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன். இந்த மனுவில் நான் ஒருவரை நம்புவது இந்த ஓர் இடத்தில்தான்.

ஆ) "மறுத்தார்" என்ற பதிவை ஜூலை 10-க்கு முன் நீக்கி, அவருடைய விண்ணப்பத்தை மற்றவர்களுடையதோடு சேர்த்துப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள். சலுகை ஏதும் கேட்கவில்லை.

இ) பதினேழு மாதம் அவர் செய்தது தன்னார்வத் தொண்டா, ஊதியத்துக்குரிய வேலையா என்பதை விசாரியுங்கள்.

இந்த மனுவை அனுப்ப ஃபரங்கீஸ் முதலில் சம்மதிக்கவில்லை. "விடுங்க அத்தான், அந்தம்மா மனசு சங்கடப்படும்" என்றார். பிறகு அவரே தம் கையால் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரே வரிதான். "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, "எனக்கு இந்த வேலை வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். வேறு தாளில் சுத்தமாக எழுதித் தருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அடித்த இடமும் தங்கள் கண்ணில் படட்டும்.

இணைப்பு:
1. மார்ச் 11 கூட்டக் குறிப்பின் நகல்
2. வரைபட நகல்
3. ஃபரங்கீஸ் சொஹ்ராபியின் கடிதம் (அசல்)

இடம்: டொரோண்டோ
நாள்: 24.06.2024

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மொர்தெஜா நெஜாதி